உயிர்ப் பதிவேடு

வேலைவாய்ப்பு அலுவலகத்தில் வேலைக்குச் சேர்ந்த மூன்றாம் நாள், கண்காணிப்பாளர் என்னை அட்டைப் பெட்டிகள் இருந்த அறைக்கு அழைத்துக்கொண்டு போனார். "முதல்ல உங்க அட்டையைத் தேடி எடுங்கம்மா" என்றார். எனக்குப் புரியவில்லை. "உங்களுக்குத்தான் வேலை கெடச்சிருச்சே. இனி இந்தப் பெட்டிக்குள்ள நீங்க இருக்கக் கூடாது."

1979-ல் பி.எஸ்ஸி. கணிதம் முடித்த கையோடு அதே அலுவலகத்தின் ஜன்னல் முன்னால் வரிசையில் நின்று பதிந்தவள் நான். ஐந்து வருடம் வீட்டில் இருந்து, தேர்வாணையத் தேர்வு எழுதி, 1984-ல் இளநிலை உதவியாளராக அந்த ஜன்னலுக்கு உள்பக்கம் வந்து உட்கார்ந்தேன். பெட்டியில் என் அட்டையைக் கண்டுபிடிக்க நேரமாகவில்லை. பதிந்த தேதி வாரியாக அடுக்கியிருப்பார்கள். என் அட்டைக்கு முன்னால் ஒன்றும் பின்னால் இரண்டுமாக என் வகுப்புத் தோழிகளின் அட்டைகள் இருந்தன. நாலு பேரும் ஒன்றாகப் பேருந்து ஏறி வந்து, ஒரே நாளில் பதிந்திருந்தோம். என் அட்டையை உருவி எடுத்ததும் அவர்கள் மூன்று பேருடைய அட்டைகளும் நெருங்கிக்கொண்டன. அதில் ஒருத்தி அதற்குள் இரண்டு பிள்ளைக்குத் தாய். மற்றொருத்தி தீப்பெட்டிக் கம்பெனியில் கணக்கு எழுதிக்கொண்டிருந்தாள். மூன்றாமவள் எங்கே இருக்கிறாள் என்றே தெரியாது. பெட்டியில் மட்டும் மூவரும் 1979-லேயே நின்றார்கள்.

அந்த அட்டைகளின் தொகுப்புக்கு அரசாங்கம் வைத்திருக்கும் தமிழ்ப் பெயர் உயிர்ப் பதிவேடு. லைவ் ரிஜிஸ்டர் என்பதை யாரோ ஒரு மொழிபெயர்ப்பாளர் அப்படி ஆக்கியிருக்கிறார். மூன்று வருடத்துக்கு ஒருமுறை வந்து புதுப்பித்தால் அட்டைக்கு உயிர் இருக்கும். தவறினால் அது 'செத்த அட்டை'. ஊழியர்களான எங்களுக்குள் அப்படித்தான் சொல்லிக்கொள்வோம். புதுப்பிக்கத் தவறியவர் திரும்ப வந்து பதிந்தால் புதுத் தேதிதான் விழும். பத்து வருட மூப்பு ஒரே நாளில் போய்விடும். புதுப்பிக்கிற மாதத்தை மறந்துவிட்டு ஓடி வந்து ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு அழுதவர்களை நான் எத்தனையோ பேரைப் பார்த்திருக்கிறேன். சிறப்புப் புதுப்பித்தல் சலுகை என்று அரசு அவ்வப்போது அறிவிக்கும்போது, அவர்களில் சிலருக்கு நானே கார்டு போட்டு வரச்சொன்னதும் உண்டு.

மே, ஜூன் மாதங்களில் பல்கலைக்கழக முடிவுகள் வந்ததும் எங்கள் வாசலில் திருவிழாக் கூட்டம். கரிசல் காட்டு ஊர்களிலிருந்து முதல் பேருந்தில் வந்து இறங்குவார்கள். பையன் ஒரு பக்கம், அப்பா ஒரு பக்கம். அப்பாவின் கையில் மஞ்சள் பை. அதற்குள் பிளாஸ்டிக் உறையில் மதிப்பெண் பட்டியல், சாதிச் சான்றிதழ், குடும்ப அட்டை. பெரும்பாலும் அந்த வீட்டின் முதல் பட்டதாரியாக இருப்பான். பதிவுக்குக் காசு ஒன்றும் கிடையாது. ஆனாலும் எத்தனையோ அப்பாக்கள் இடுப்பு மடிப்பில் கையை விட்டு, "எவ்வளவுங்கம்மா?" என்று கேட்டிருக்கிறார்கள். காசு வேண்டாம் என்று சொன்னால் அவர்கள் முகத்தில் சந்தோஷம் வராது, ஒரு கலக்கம்தான் வரும். காசு கொடுக்காமல் நடக்கிற காரியம் எப்படி நடக்கும் என்ற கலக்கம்.

விண்ணப்பத்தைப் பார்த்து எக்ஸ்-1 அட்டை எழுதுவோம். அது பெட்டிக்குள் போகும். எக்ஸ்-10 என்பது அவர்கள் கையில் கொடுக்கிற அடையாள அட்டை. ஒவ்வொருவருக்கும் தேசியத் தொழில் வகைப்பாட்டின்படி ஓர் எண் தர வேண்டும். கொல்லருக்கு ஓர் எண், தச்சருக்கு ஓர் எண், செவிலியருக்கு ஓர் எண். எந்த வேலையும் பார்த்திராத புதுப் பட்டதாரிக்கு எக்ஸ் என்ற எழுத்தில் தொடங்குகிற எண். தொழில் இன்னதென்று வகைப்படுத்த முடியாதவர் என்று அதற்கு அர்த்தம். மூன்று வருடம் தெர்மோடைனமிக்ஸ் படித்த பையனுக்கும் சோழர் நிர்வாகம் படித்த பெண்ணுக்கும் அதே எக்ஸ்தான். முதல் வருடம் அதை எழுதும்போது என் கை தயங்கியிருக்கிறது. அப்புறம் பழகிவிட்டது. அப்படிப் பழகியதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு வருத்தமாக இருக்கிறது.

அந்த எக்ஸிலிருந்து வெளியே வர அன்றைக்கு இருந்த நம்பகமான வழி தட்டச்சு. தமிழிலும் ஆங்கிலத்திலும் ஹையர் பாஸ் செய்தவருக்கு தட்டச்சர் என்ற தனி எண் உண்டு, தனி வரிசை உண்டு. அந்த வரிசை வேகமாக நகரும். தட்டச்சுப் பயிலகம் இல்லாத தெருவே அன்றைக்கு எங்கள் ஊரில் கிடையாது. காலை ஆறு மணிக்கே சத்தம் தொடங்கிவிடும். பி.ஏ. படித்தவர், எம்.ஏ. படித்தவர் எல்லாரும் ஏ எஸ் டி எஃப் அடித்துக்கொண்டிருப்பார்கள். கல்லூரி மூன்று வருடத்தில் தராத வேலையை ஆறு மாதப் பயிலகம் தந்ததை நான் அட்டைகளிலேயே பார்த்தேன்.

வெளியில் இருந்தவர்களுக்கு எங்கள் அலுவலகத்தின் கணக்கு ஒருபோதும் சரியாகப் புரிந்ததில்லை. எங்களிடம் வேலை இருப்பதாக நினைத்தார்கள். எங்களிடம் இருந்தது வரிசை மட்டும்தான். உலகப் போர் முடிந்து ஊர் திரும்பிய சிப்பாய்களுக்கு வேலை தேடித்தர 1945-ல் தொடங்கிய ஏற்பாடு இது. 1956-ல் மாநிலங்களின் கைக்கு வந்தது. 1959-ல் வந்த சட்டம், காலியிடங்களை எங்களுக்குக் கட்டாயம் அறிவிக்க வேண்டும் என்றது. தனியாரில் 25 பேரோ அதற்கு மேலோ வேலை பார்த்த நிறுவனமும் அறிவிக்க வேண்டியிருந்தது. ஆனால் நாங்கள் அனுப்பும் ஆளைத்தான் எடுக்க வேண்டும் என்று அந்தச் சட்டம் யாரையும் கட்டாயப்படுத்தவில்லை. அரசு அலுவலகங்கள் மட்டும் எங்களிடமிருந்து பெயர் கேட்டு வந்தன. ஓர் இடத்துக்கு ஐந்து பெயர். இனச்சுழற்சி பார்த்து, ஆதரவற்ற விதவை, முன்னாள் ராணுவத்தினர், சாதி மறுப்புத் திருமணம் செய்தவர், பர்மாவிலிருந்தும் இலங்கையிலிருந்தும் தாயகம் திரும்பியவர் என்று முன்னுரிமை பார்த்து, அதற்குள் மூப்பு பார்த்து அட்டைகளை உருவுவோம். ஐந்து பேருக்கு அழைப்பு போகும். அந்த ஐந்து வீட்டிலும் அன்றிரவு சாமிக்கு விளக்கேற்றுவார்கள். நாலு பேர் திரும்பி வருவார்கள்.

பட்டியல் அனுப்பி முடித்ததும், கடைசியாக உருவிய அட்டையின் பதிவுத் தேதியை ஒரு நோட்டில் குறித்துக்கொள்ளும் பழக்கம் எனக்கு வந்தது. யாரும் சொல்லிச் செய்யவில்லை. கணிதம் படித்த புத்தி. இரண்டு வருடம் குறித்த பிறகு, சாதாரண பி.ஏ., பி.எஸ்ஸி. வரிசை எவ்வளவு மெதுவாக நகர்கிறது என்பது கண்ணுக்கு முன்னால் நின்றது. இன்றைக்குப் பதிகிற பையனுக்கு முன்னால் நிற்கிற வருடங்கள் அவனுடைய வயதில் பாதிக்கும் மேல்.

இதை ஜன்னலில் நிற்பவர்களிடம் சொல்வதா வேண்டாமா? சொல்ல ஆரம்பித்தேன். "தம்பி, பதிஞ்சு வச்சுக்க, புதுப்பிக்க மறக்காத. ஆனா இதையே நம்பி வீட்ல இருக்காத. ஒனக்கு முன்னால பன்னெண்டு, பதிமூணு வருசத்துப் பதிவு நிக்குது." சிலர் கோபப்பட்டார்கள். ஒரு தகப்பனார், "நல்ல வாக்குச் சொல்லத் தெரியாதாம்மா ஒனக்கு?" என்று கேட்டுவிட்டுப் போனார். எங்கள் அதிகாரியே ஒருநாள் கூப்பிட்டு, "அவங்க நம்பிக்கையைக் கெடுக்காதீங்கம்மா, நமக்கு எதுக்கு அது?" என்றார். நல்ல மனிதர், இரக்கத்தில்தான் சொன்னார். நான் நிறுத்தவில்லை. அந்த வரிசை நியாயமான வரிசை. பணம் உள்ளவனும் இல்லாதவனும் தேதி வாரியாக நிற்கிற வரிசை நம் நாட்டில் வேறெங்கே இருக்கிறது? ஆனால் வரிசை எவ்வளவு நீளம் என்று நிற்கிறவனுக்குத் தெரியாமல் போனால் அந்த நியாயத்தில் பாதி போய்விடுகிறது. ஆயிரக்கணக்கான பட்டதாரிகள் இருபத்தொரு வயதிலிருந்து முப்பத்தைந்து வயது வரை, "எம்ப்ளாய்மெண்ட்ல பதிஞ்சிருக்கேன்" என்ற ஒற்றை வாக்கியத்தில் வாழ்ந்தார்கள். பெண் கேட்டுப் போகிற இடத்தில் அதையே ஒரு உத்தியோகம் போலச் சொன்னவர்களை எனக்குத் தெரியும்.

பெண்களின் அட்டைகள் வேறு மாதிரி. முதலில் அப்பாவின் இனிஷியல். நாலைந்து வருடத்தில் கல்யாணப் பத்திரிகையோடு வந்து, பதிவை வேறு மாவட்டத்துக்கு மாற்றக் கேட்பார்கள். அட்டையை உறையில் போட்டு ஈரோட்டுக்கோ தஞ்சாவூருக்கோ அனுப்புவோம். அதேபோல மற்ற மாவட்டங்களிலிருந்து எங்களுக்கு மருமகள்களின் அட்டைகள் வரும். அதன் பிறகு புதுப்பிக்கப் பெரும்பாலும் அவர்கள் நேரில் வர மாட்டார்கள். கணவர் வருவார், கொழுந்தன் வருவான், கடைசியில் வளர்ந்த பையன் வருவான். "அம்மாது" என்று அட்டையை நீட்டுவான். அப்படி நீட்டியவர்களில் பலரும் தன் அம்மா என்ன படித்தாள் என்பதை அந்த அட்டையைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டிருப்பார்கள். நான் வேண்டுமென்றே சத்தமாகப் படிப்பேன்: "பி.எஸ்ஸி. விலங்கியல், முதல் வகுப்பு." பையன் நிமிர்ந்து பார்ப்பான்.

அப்படி மாறிப்போன அட்டை ஒன்றைப் பற்றி நான் சொல்லியாக வேண்டும். 1993-ல் ஒரு பெண் தமிழ்த் தட்டச்சு ஹையர் பாஸ் செய்த சான்றிதழோடு வந்தாள். கூடுதல் தகுதி பதிய வேண்டும். நல்ல கூட்டம். அவள் கையில் இருந்த எக்ஸ்-10-ல் தகுதியைக் குறித்துக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். பெட்டியில் தட்டச்சர் எண்ணின் கீழ் இன்னொரு அட்டை எழுதிச் செருக வேண்டும், அதைச் செய்யாமல் விட்டுவிட்டேன். சில மாதம் கழித்து ஒரு தட்டச்சர் இடத்துக்குப் பட்டியல் போனது. அவளுக்குப் பின்னால் பதிந்தவளுக்கு அழைப்பு போய், அவளுக்குப் போகவில்லை. வந்து கேட்டாள். கேட்டாள் என்பதைவிட, அட்டையை நீட்டிக்கொண்டு பேசாமல் நின்றாள் என்று சொல்வதுதான் சரி. தேடிப் பார்த்தேன், பிழை என்னுடையது. அதிகாரியிடம் எழுதிக் கொடுத்தேன். பட்டியல் போய்விட்டது, நேர்காணலும் முடிந்துவிட்டது. அடுத்த காலியிடத்தில் அவளை முதலில் அனுப்புவது என்று முடிவானது. அந்த அடுத்த இடம் வருவதற்குள் அவளுக்குக் கல்யாணம் ஆகி, அட்டையைக் கோயம்புத்தூருக்கு மாற்றிக்கொண்டு போய்விட்டாள். மாற்றல் கடிதத்தை அடித்ததும் நான்தான். அங்கே அவளுக்கு வேலை கிடைத்ததா என்று தெரியவே இல்லை. அன்றிலிருந்து, பெட்டிக்குள் போக வேண்டிய அட்டையை எழுதிச் செருகிவிட்டு வந்த பிறகுதான் வந்தவர் கையில் அவருடைய அட்டையைத் திருப்பிக் கொடுப்பேன். கூட்டம் எவ்வளவு கத்தினாலும் அப்படித்தான். புதிதாகச் சேர்ந்த பிள்ளைகளுக்கும் முதல் பாடமாக அதைத்தான் சொல்லிக்கொடுத்தேன்.

தொண்ணூறுகளின் நடுவில் பழைய ஒழுங்கு தளரத் தொடங்கியது. வேலைவாய்ப்பு அலுவலகப் பட்டியலோடு நிற்காமல், செய்தித்தாளில் விளம்பரம் கொடுத்தும் ஆட்களை அழைக்க வேண்டும் என்று 1996-ல் உச்ச நீதிமன்றம் ஒரு ஆந்திர வழக்கில் சொன்னது. தீர்ப்பில் நியாயம் இருந்தது. பதியாதவனுக்கும் வாய்ப்பு வேண்டும்தானே. ஆனால் பதினைந்து வருடம் புதுப்பித்தவனுக்கு அது எப்படி இருந்திருக்கும்? பிறகு 2001 நவம்பரில் ஆள் எடுப்பதற்குத் தடை ஆணை வந்தது. ஆசிரியர், மருத்துவர், காவலர் போன்ற சில பணிகளைத் தவிர மற்ற இடங்களை நிரப்பக் கூடாது. 2006 தொடக்கம் வரை அது நீடித்தது. அந்த நாலு வருடம் எங்கள் வேலையில் எனக்கு மிகக் கசப்பான காலம். காலியிடக் கடிதங்கள் நின்றே போயின. ஜன்னலில் கூட்டம் மட்டும் குறையவில்லை. புதிதாகப் பதிவார்கள், புதுப்பிப்பார்கள், முத்திரை குத்திக்கொண்டே இருப்போம். பெட்டியிலிருந்து ஒரு அட்டையும் வெளியே வராது. 2003 கடைசியில் அரசே மதுக்கடைகளை நடத்தத் தொடங்கியபோது, கடை மேற்பார்வையாளர் வேலைக்குப் பட்டதாரிகள் போனார்கள். எங்கள் பெட்டியில் அட்டை இருந்த ஒரு வேதியியல் பட்டதாரி வந்து, "போகலாமா மேடம்?" என்று என்னிடம் கேட்டான். வீட்டில் தங்கைக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. போ என்றேன். ஆனால் அந்தப் பதிலை இன்றுவரை மனசுக்குள் திருப்பித் திருப்பிப் பார்க்கிறேன்.

2006-க்குப் பிறகு நல்ல காலமும் வந்தது. வேலை இல்லாத இளைஞருக்கு உதவித்தொகை வந்தது. பதிந்து ஐந்து வருடம் ஆன பட்டதாரிக்கு மாதம் 300 ரூபாய், பின்னாளில் 600. அதைவிடப் பெரிது, பட்டதாரி ஆசிரியர்களை எங்கள் பதிவு மூப்பின்படியே அரசு எடுத்ததுதான். எத்தனையோ வருடம் உறங்கிய பி.எட். பெட்டிகள் திறந்தன. நாற்பதைத் தாண்டியவர்கள், பேரன் எடுக்கப் போகிறவர்கள்கூட முதல்முறையாக அரசுப் பள்ளியில் கையெழுத்துப் போடப் போனார்கள்.

அந்த வருடங்களில் ஒருநாள், நரைத்த தலையோடு ஒரு பெண் இனிப்புப் பெட்டியும் நியமன ஆணையும் எடுத்துக்கொண்டு வந்தார். "என்னைத் தெரியுதாக்கா?" என்றார். தெரியவில்லை. "பி.எட். முடிச்சுப் பதிய வந்தப்போ, ஒனக்கு இருபது வருசம் ஆகும்னு சொன்னீங்க. வீட்டுக்குப் போய் ரெண்டு நாளு சாப்பிடல. மூணாம் நாள் எங்க ஊர் நர்சரி ஸ்கூல்ல போய்ச் சேந்துட்டேன். நானூறு ரூவா சம்பளம். அன்னைலருந்து ஒருநாள்கூட பாடம் எடுக்காம இருந்ததில்லக்கா." பதினைந்து வருடத்தில் கிடைத்துவிட்டது, என் கணக்கு ஐந்து வருடம் தப்பு என்று சொல்லிச் சிரித்தார். என் கையைப் பிடித்துக்கொண்டு நெடுநேரம் விடவில்லை. அந்த நியமன ஆணையை வாங்கி ஒவ்வொரு வரியாகப் படித்தேன். முப்பது வருடத்துக்கு மேல் நான் பார்த்த வேலையில் அதைப் போல் ஒரு மதியம் வேறு இல்லை.

அவருக்கு அடுத்த நிலையில் இருந்தவர்களுக்கு அது வாய்க்கவில்லை. கட்டாயக் கல்விச் சட்டத்தைத் தொடர்ந்து ஆசிரியர் தகுதித் தேர்வு வந்தது. 2012 ஜூலை 12 அன்று தமிழ்நாட்டில் முதல் தேர்வு. ஆறு லட்சத்துக்கும் மேற்பட்டோர் எழுதினார்கள். 150 கேள்விகளுக்கு ஒன்றரை மணி நேரம். 90 மதிப்பெண் வேண்டும். தேறியவர்கள் 2,448 பேர். அக்டோபரில் மூன்று மணி நேரமாக்கி மறுபடி நடத்தினார்கள். ஆசிரியர் தரம் உயர வேண்டும் என்பதில் எனக்கு மறுப்பே கிடையாது. நான் கண்ணால் கண்டது, என் நோட்டின்படி அடுத்த வருடமோ அதற்கு அடுத்த வருடமோ அழைப்பு வந்திருக்க வேண்டியவர்களின் முகங்களை. நாற்பத்திரண்டு வயதில் மாட்டுக்குத் தீவனம் வைத்துவிட்டு வந்து, "இப்ப எந்தப் புஸ்தகம் வாங்கிப் படிக்கணும் மேடம்?" என்று கேட்டார் ஒருவர். எங்கள் அலுவலகத்திலேயே தன்னார்வப் பயிலும் வட்டம் என்று இலவசப் போட்டித் தேர்வுப் பயிற்சி நடக்கிறது. அங்கே அழைத்துப்போய் உட்காரவைத்தேன். பக்கத்தில் அவர் மகள் வயதுப் பெண் ஒருத்தி. அவளே நோட்டை இருவருக்கும் நடுவில் நகர்த்தி வைத்தாள்.

2011-ல் பதிவு இணையத்துக்குப் போனது. பட்டம் வாங்குகிற பிள்ளைகள் பிரவுசிங் சென்டரிலிருந்தே பதிந்துகொண்டார்கள். அட்டைப் பெட்டிகள் கட்டி வைக்கப்பட்டன. பேருந்துச் செலவும் கால்கடுக்க நிற்பதும் அவர்களுக்கு மிச்சம், அதில் எனக்குச் சந்தோஷம்தான். வருத்தம் வேறொன்றில். ஜன்னல் இருந்தபோது, வரிசையின் நீளத்தைச் சொல்ல அங்கே ஒரு ஆள் இருந்தாள். கணினி பதிவு எண்ணைத் தருகிறது, புதுப்பிக்க வேண்டிய மாதத்தைத் தருகிறது. முன்னால் எத்தனை பேர் நிற்கிறார்கள் என்பதைச் சொல்வதில்லை. நான் ஓய்வு பெற்ற சமயத்தில் மாநிலம் முழுக்க உயிர்ப் பதிவேட்டில் இருந்தவர்கள் 80 லட்சம் அளவில்.

ஓய்வுக்கு முந்தைய வருடம், 2015. ஒரு வரலாற்றுப் பட்டதாரி வந்தார். 1985-ல் நான் அட்டை எழுதிக் கொடுத்த ஆரம்ப காலத்து ஆட்களில் ஒருவர். மூன்று வருடத்துக்கு ஒருமுறை தவறாமல் வருவார். ஒவ்வொரு தடவையும் அவர் வாழ்க்கையில் ஒன்று மாறியிருக்கும். முதலில் மாமாவின் சைக்கிள் கடை. அப்புறம் தாலுகா ஆபீஸ் வாசலில் மனு எழுதுகிற மேஜை. அப்புறம் அதே இடத்தில் ஜெராக்ஸ் கடை. நுகர்பொருள் வாணிபக் கழகத்தில் பில் கிளார்க், போக்குவரத்துக் கழகத்தில் நடத்துனர் என்று இரண்டு அழைப்புகள் எங்களிடமிருந்து போயின. இரண்டிலும் அந்த நாலு பேரில் ஒருவராகத் திரும்பி வந்தார். ஜெராக்ஸ் கடை வருமானத்தில் மகளைச் செவிலியர் படிப்பு படிக்கவைத்தார்.

"ஆன்லைன்லயே பண்ணிக்கலாமே சார், எதுக்கு இவ்வளவு தூரம்?" என்று கேட்டேன்.

"என் கடையிலதான் ஊருக்கே நான் புதுப்பிச்சுக் குடுக்கேன் மேடம். எனக்கு மட்டும் இங்க வந்து பண்ணணும்."

ஐம்பதைத் தாண்டிவிட்டவர். இனி அழைப்பு வராது என்பது எனக்குத் தெரியும், என்னைவிட நன்றாக அவருக்குத் தெரியும். 1988-லேயே வரிசை எவ்வளவு நீளம் என்று அவரிடம் சொல்லியிருக்கிறேன். அதைக் கேட்டுத்தான் சைக்கிள் கடையில் முழு நேரமாக உட்கார்ந்ததாக ஒருமுறை சொன்னார். ஆனாலும் புதுப்பிப்பதை விடவில்லை. ஏன் என்று அன்றைக்குக் கேட்டேன்.

"எங்க வம்சத்துலயே காலேஜ் வாசப்படி மிதிச்சது நான் ஒருத்தன்தான். பட்டத்தை பிரேம் போட்டு மாட்டியிருக்கேன், அதை வீட்டு ஆளுங்கதான் பாப்பாங்க. கவர்மெண்டு கணக்குல நான் பி.ஏ.ன்னு இருக்கறது இந்த எடம் ஒண்ணுதான்."

கணினியில் எண்ணைத் தட்டிப் புதுப்பித்து, அச்செடுத்துக் கொடுத்தேன். தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "சீல் இல்லையா மேடம்?" கணினித் தாளுக்கு முத்திரை தேவையில்லை, விதியும் இல்லை. மேஜையின் கீழ் அறையைத் திறந்து பழைய ரப்பர் முத்திரையை எடுத்தேன். மை காய்ந்திருந்தது. இரண்டு சொட்டுத் தண்ணீர் விட்டுத் தேய்த்து, தாளின் ஓரத்தில் அழுத்தி வைத்தேன். கொஞ்சம் மங்கலாகத்தான் விழுந்தது. அவர் அதை வாயால் ஊதி உலர்த்திவிட்டு, பழைய எக்ஸ்-10 அட்டையோடு சேர்த்து மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். "2018-ல நீங்க இருக்க மாட்டீங்கள்ல?" என்று கேட்டார். இருக்க மாட்டேன் என்றேன்.